கடலுக்கு ஏற்ற கேம்ஷாஃப்ட்

முத்துக்கரையில் கடலை ஓட்டும் எஞ்சின் ஒரு செவ்வாய்க்கிழமை காலை புகை கக்கிவிட்டு நின்றது. கடைசியாகக் கிளம்பிய அலை கரைக்கு வந்துசேராமல் பாதி வழியில் நிமிர்ந்தபடியே நின்றுகொண்டது. தொழிலுக்குப் போன பதினோரு படகுகளும் அதற்கு அப்பால் அசையாமல் நின்றன.

எஞ்சின் அறைக்குப் பொறுப்பாளர் பெர்க்மான்ஸ். அவருடைய தம்பி தொம்மை அந்தப் படகுகளில் ஒன்றில் இருந்தான். தினமும் காலையில் போன் செய்தான்.

“என்னண்ணே, எப்ப ஓடும்?”

“கேம்ஷாஃப்ட் தேஞ்சுபோச்சுடே. தூத்துக்குடியிலேருந்து ஆள் வருது.”

“குடிக்கத் தண்ணி அரைக் குடம்தான் இருக்கு. சீக்கிரம் பாரு.”

ஐந்தாம் நாள் தூத்துக்குடியிலிருந்து மெக்கானிக் கித்தேரியம்மாள் வந்தார். ஐம்பது வயது இருக்கும். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை. எஞ்சினைப் பிரித்து, பழைய கேம்ஷாஃப்டை வெளியே எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். வால்வுகளைத் தூக்க வேண்டிய மேடுகள் கரைந்த சோப்பு மாதிரி மழுங்கியிருந்தன.

ஸ்டோரில் புதியவை இரண்டு இருந்தன. ஒன்றில் மேடுகள் உயரம். வால்வு நன்றாகத் திறக்கும், நெடுநேரம் திறந்திருக்கும், அலை பனைமர உயரம் எழும். மற்றது அடக்கமானது. பெர்க்மான்ஸ் உயரமானதைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். பக்கத்து ஊர் அலைகளைப் பார்த்து அவருக்கு ரொம்ப நாளாக ஒரு மனக்குறை.

“தம்பி, உங்க கடல் வருசத்துல முக்கால்வாசி நாள் எந்த வேகத்துல ஓடும்?”

“மெதுவாத்தான்க்கா. ஆடியில மட்டும் கொஞ்சம் முறுக்குவோம்.”

“அப்ப இது வேணாம். வேகத்துல பிரமாதமா இழுக்கும், மெதுவா ஓட்டினா திக்கும். ஒரு அலை வரும், அடுத்தது வராது. கட்டுமரக்காரன் எதை நம்பி இறங்குவான்?”

பெர்க்மான்ஸ் அதைப் பெட்டியில் திருப்பி வைத்தார். மூடியை மட்டும் கொஞ்சம் தாமதமாக மூடினார்.

கித்தேரியம்மாள் அடக்கமானதை உள்ளே வைத்து, முதல் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, இரண்டு பல்சக்கரங்களிலும் அடையாளத்துக்கு வைத்திருந்த புள்ளிகளை நேருக்கு நேர் சேர்த்தார். ஸ்டார்ட் செய்யவில்லை. நீளமான ஸ்பானரைப் போட்டுக் கையாலேயே சுற்றினார். பெர்க்மான்ஸ் ஜன்னலில் நின்று கடலைப் பார்த்தார். கடல் முதலில் திரும்பிப் போனது, அதன் பிறகுதான் வந்தது. படகுகள் ஒரு முழம் தள்ளிப்போயின.

“ஒரு பல் பிந்தியிருக்கு.”

“புள்ளி சரியாத்தானேக்கா இருக்கு?”

“புள்ளி வச்சவன் கடலைப் பார்த்திருக்க மாட்டான்.”

ஒரு பல் முன்னால் தள்ளி மாட்டினார். மறுபடி இரண்டு முழுச் சுற்று. வால்வும் பிஸ்டனும் எங்கேயும் தட்டவில்லை. இம்முறை தண்ணீர் வந்து மணலைத் தடவிவிட்டுப் போனது. ஸ்பானரைச் சுற்றிய கை, தூங்குகிற பிள்ளையைப் புரட்டிப் படுக்க வைக்கிற கை. இருபது வருடமாகக் கடலை ஓட்டும் பெர்க்மான்ஸ் ஜன்னலிலிருந்து திரும்பி அந்தக் கையையே பார்த்தார்.

பிறகு ஸ்டார்ட் செய்தார்கள். பாதியில் நின்ற அலை தன் மிச்ச வழியை முடித்தது. மதியத்துக்குள் பதினோரு படகுகளும் கரையேறின. தொம்மை இறங்கி, இரண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, அலையில் காலை வைத்துப் பார்த்தான்.

“முன்னைவிட மெத்துனு இருக்குண்ணே.”

“அக்கா வச்ச டைமிங்” என்றார் பெர்க்மான்ஸ்.

கித்தேரியம்மாளுக்கு அடுத்த வேலை மேற்கே ஒரு மலையில். ஓடும்போது இடது பக்கம் இழுக்கிறதாம். அவரை அழைத்துப்போக மலையே வந்திருந்தது. மீன் வண்டிகளுக்கு வழிவிட்டு, பஸ் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது. பெர்க்மான்ஸ் ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டுபோய் அதன் சரிவில் வைத்தார்.