கில்தார்தோவைக் கொடுத்த நாள்

காலை ஆறரை மணிக்குக் கில்தார்தோ அர்ரோயாவேயின் மூச்சு நின்றது. ஐம்பத்தாறு வயது. அவன் மனைவி ஒலீவா, ஊட்டிக்கொண்டிருந்த வெல்லத் தண்ணீர்க் கரண்டியைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை, அதற்குள் மகள் யெசேனியா கைபேசியில் மூளை வங்கிக்குச் சேதி சொல்லிவிட்டாள்.

"அடிப்பாவி! அப்பன் உடம்பு சூடு ஆறல. அதுக்குள்ள யாரைடி கூப்பிடுற?"

"நர்ஸ் லுசெலியத்தாம்மா. மூளையக் குடுக்குறேன்னு அப்பா கையெழுத்துப் போட்டதுதானே? அஞ்சாறு மணி நேரத்துக்குள்ள மெதெயின் நகரத்துக்குப் போய்ச் சேரணும்."

எங்கள் யாருமால் மலைப்பக்கத்தில், அவனைக் கொண்டுபோன மறதி நோய்க்கு அசட்டு நோய் என்று பெயர். டாக்டர்கள் அல்சைமர் என்பார்கள். மற்ற ஊர்களில் எண்பது வயதில் வருவது, எங்களில் சில குடும்பங்களுக்கு நாற்பத்தைந்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஏதோ மரத்தைத் தொட்டதால் வந்தது, பாதிரியார் விட்ட சாபம் என்றெல்லாம் பெரியவர்கள் கதை கட்டினார்கள். மண்ணாங்கட்டி! ரத்தவழியாக வருகிற ஒரு கோளாறு அது. பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி. உலகத்துக்கு இது தெரிய வந்ததில் எங்கள் வீட்டு உயிரோடிருப்பவர்களின் ரத்தத்துக்கும் செத்தவர்களின் மூளைக்கும் பங்குண்டு. இதைச் சொல்லும்போது எங்கள் தலை கொஞ்சம் நிமிரும். நிமிரட்டுமே, யாருக்கு என்ன?

கில்தார்தோ பால் வண்டிக்காரன். இருபது வருஷம் ஓட்டிய பாதையில் ஒருநாள் வண்டியை நிறுத்தி, எந்தப் பக்கம் போகவேண்டும் என்று ஒரு மாட்டிடம் வழி கேட்டான். ஊரே சிரித்தது. ஒலீவா மட்டும் சிரிக்கவில்லை. அவன் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அந்த வாரமே, அறிவு தெளிவாக இருக்கும்போதே, நகரத்துக்குப் போய் மூளையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

பக்கத்து ஊரில் ரத்தம் எடுக்க வந்திருந்த லுசெலி, ஏழு மணிக்கே வண்டியோடு வந்துவிட்டாள். பத்து வருஷமாக இந்த வீட்டுக்கு வந்துபோகிறவள்.

"சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டாந்துருவோம் அக்கா. முகத்துல ஒரு கீறல் தெரியாது. சவப்பெட்டியத் திறந்து வச்சு ஊரே பாக்கலாம்."

"கீறலயா கேட்டேன்? மூளைய வச்சு என்ன பண்ணுவீங்க, அதைச் சொல்லு."

"ஒரு புரதம் அழுக்காட்டம் மூளைல படியுது. அப்புறம் மூளை கொஞ்சங்கொஞ்சமா சாவுது. சிலருக்கு அவ்வளவு படிஞ்சும் நோவு ரொம்ப வருஷம் தள்ளிப்போகுது. எப்படின்னு பாக்கணும்."

"மருந்து?"

"குணமாக்குற மருந்து இன்னும் இல்லக்கா. கொஞ்சம் மெதுவாக்குற மருந்து வந்திருக்கு. அதுவும் ஆரம்பத்துல, சிலருக்குத்தான்."

ஒலீவாவின் கண் மகள் மேல் போனது. யெசேனியாவுக்கு இருபத்துநாலு வயது.

"சரி. மூளைய வைக்கிற டப்பா மேல அவரு பேரு எழுதுவீங்கல்ல?"

லுசெலி தயங்கினாள். "பேரு எழுத மாட்டாங்கக்கா. ரகசியமா வைக்கணும்ல. நம்பர்தான்."

அவ்வளவுதான். ஒலீவா வாசலுக்குக் குறுக்கே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நம்பரா? பதினோரு வருஷம் குளிப்பாட்டி ஊட்டிவிட்டிருக்கேன். எம்பேர மறந்தாரு, பொண்ணு பேர மறந்தாரு. கடைசி ரெண்டு வருஷம் அவரு பேரச் சொல்லிக் கூப்பிட்டாலே திரும்பல. அந்த நோவு பிடுங்குனதையே நீங்களும் பிடுங்குவீங்களா? போங்க. குடுக்க முடியாது!"

யெசேனியா அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். "அப்பா எனக்காகத்தான் குடுக்கச் சொன்னாரும்மா. நேரம் போகுது."

ஒலீவா முந்தாநாள் பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல மகளைப் பார்த்தாள். பிறகு எழுந்து நாற்காலியைத் தள்ளினாள்.

"நானும் வரேன். அவங்க எழுத மாட்டாங்கன்னா நான் வாயால சொல்றேன்."

"சொந்தக்காரங்கள உள்ள விட மாட்டாங்களேக்கா..."

"எவன் தடுக்குறான்னு பாத்துருவோம்."

கில்தார்தோவுக்கு முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டாள். வண்டியில் மூன்று மணி நேரமும் அவன் பக்கத்திலேயே இருந்தாள்.

மூளை வங்கியின் அறை வாசலில் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், ஒலீவாவைப் பார்த்தார், கதவை அகலத் திறந்தார். "ரெண்டு நிமிஷம்மா." உள்ளே வெள்ளை அங்கியில் எட்டு மாணவர்கள் நின்றிருந்தார்கள். ஒலீவா அவன் தலைமாட்டில் போய் நின்றாள்.

"இவரு கில்தார்தோ அர்ரோயாவே. யாருமால் பால் வண்டி. மழையோ மண்சரிவோ, இருபது வருஷத்துல ஒரு நாளும் இவரால பால் கெட்டதில்ல. ஆடத் தெரியாது, ஆனா ஆடுவாரு. நோவு முத்துனப்புறம் தினம் காலைல என்னப் பாத்து, 'அம்மணி, ஒங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?'ன்னு கேப்பாரு. ஆயிருச்சுன்னா மூஞ்சி தொங்கிரும். அதனால இன்னும் ஆகலன்னே சொல்லிருவேன்."

ஒரு மாணவி சிரித்துவிட்டு, முகக்கவசத்தைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யாரும் இவர ஏமாத்தி வாங்கல. அறிவோட இருந்தப்ப தானாக் குடுத்தது. நம்பர் எழுதிக்கங்க, சரி. தொடறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு தடவ அவரு பேரச் சொல்லுங்க."

டாக்டர்தான் முதலில் சொன்னார். பிறகு ஒன்பது பேரும் சேர்ந்து சொன்னார்கள், "கில்தார்தோ அர்ரோயாவே."

பழக்கதோஷத்தில் ஒலீவா சட்டென்று அவன் முகத்தைப் பார்த்தாள், திரும்புகிறானா என்று. அவன் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள்.

"இப்ப எடுத்துக்கங்க, டாக்டர்" என்றாள்.