மூன்று முறை மாற்றிய பேக்கிங்

நாமக்கல்லில் பன்னிரண்டு வருடமாகக் கார் பட்டறை நடத்தும் மாதேஷுக்கு, அந்த ஆவணி மாதம் ஒரே ஒரு கார் தூக்கத்தைக் கெடுத்தது. அது அவன் மாமியார் சாரதாமணியின் கார்.

சாரதாமணி கிராமத்து நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பரமத்தி வேலூரில் தனியாக இருந்தார். சனிக்கிழமைதோறும் தானே காரை ஓட்டிக்கொண்டு மகள் நிலாவைப் பார்க்க வருவார். கார் நிற்கும் இடத்தில் சொட்டுச் சொட்டாக ஆயில் கிடப்பதாக அவர்தான் முதலில் சொன்னார்.

மாதேஷ் இன்ஜின் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தான். உள்ளிருந்த ரப்பர் பேக்கிங் காய்ந்த அப்பளம் போல ஒடிந்தது. புதிது போட்டு, மூடியை முடுக்கி, ஆயில் குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினான். எட்டாம் நாள் மறுபடியும் சொட்டியது.

இரண்டாவது தடவை சேலத்திலிருந்து நல்ல பேக்கிங்காக வரவழைத்து, ஒவ்வொரு போல்ட்டையும் வரிசை மாறாமல் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினான். பத்து நாள்கூடத் தாங்கவில்லை.

மூன்றாவது தடவை இன்ஜினைக் கழுவிக் காயவைத்து, எங்கே கசிகிறதென்று பார்க்க முகத்துக்குப் பூசும் பவுடரை மேலெல்லாம் தூவி ஓடவிட்டான். முன்பக்கம் ஆயிலை அடைத்திருக்கும் சீல் ஓரத்திலும் பவுடர் நனைந்தது. அதை மாற்றப் பக்கவாட்டு மூடி, அடியில் மண் தெறிக்காமல் மாட்டியிருக்கும் தகடு எல்லாம் இறங்க வேண்டியிருந்தது. ஒரு முழுப்பகல் போயிற்று. விரல் முட்டியில் தோல் உரிந்தது. மல்லாந்து படுத்து அடித்தகட்டை மாட்டும்போது கண்ணுக்குள் ஆயில் விழுந்தது. மேல் பேக்கிங்கையும் சந்தேகத்துக்கு மாற்றித்தான் விட்டான்.

புதன்கிழமை சாரதாமணி போன் செய்து மறுபடியும் சொட்டுவதாகச் சொன்னார். சத்தம் போட்டிருந்தால்கூட அவனுக்கு ஆறியிருக்கும்.

"பரவாயில்லீங்க மாப்பிள்ளை. கீழ ஒரு அட்டையை விரிச்சு உட்டிருக்கறேன்."

கரூரில் வேறு ஆளிடம் காட்டலாம் என்று தன் தாய்மாமன் சொன்னதாக நிலா அன்று இரவு மெதுவாக ஆரம்பித்தாள். மாதேஷ் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டான்.

சனிக்கிழமை கார் பட்டறைக்குள் வந்து நின்றது. அவன் ஸ்பேனர்களை எடுக்கப் போனான். திரும்பி வருவதற்குள் சாரதாமணியே பானட்டைத் திறந்திருந்தார். ஆயில் அளவுக்குச்சியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். பிறகு டிக்கியிலிருந்து ஒரு ஆயில் கேனை எடுத்து, சிந்தாமல் ஒரு டம்ளர் அளவு ஊற்றினார்.

மாதேஷ் ஸ்பேனர்களைக் கீழே வைத்தான்.

"தெனமும் ஊத்தறீங்களா அத்தை?"

"ஓட்டுன ஒவ்வொரு நாளும் ஊத்தறேனுங்க. வண்டி நின்னதும் பாத்தா எப்பவும் கோட்டுக்குக் கீழதான் இருக்குது. கொறையாமப் பாத்துக்கச் சொன்னீங்களே."

அவன் பத்து நிமிடம் பொறுத்து, மேலே ஏறியிருந்த ஆயிலெல்லாம் கீழே இறங்கியபின் குச்சியை உருவினான். மேல் கோட்டைத் தாண்டி இரண்டு விரல்கடை ஈரமாக இருந்தது. அவ்வளவு ஆயிலை வைத்துக்கொண்டு ஓடினால் அது எந்தப் பேக்கிங்கையும் பிதுக்கிக்கொண்டு வெளியே வரத்தான் செய்யும்.

அடியில் பேசினை வைத்து ஆயில் வடியும் அடைப்பைத் திறந்துவிட்டான். அளவுக்கு மிஞ்சியிருந்தது மட்டும் ஒன்றரை லிட்டருக்கு மேல் வடிந்தது. விஷயத்தை அவன் விளக்கியதும் சாரதாமணி பேசினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நாந்தான் கெடுத்தனாக்கும்."

ஒரு மாதமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த கோபத்தை யார் மேல் இறக்குவது என்று மாதேஷுக்குத் தெரியவில்லை. மூன்று தடவை மூடிகளைக் கழற்றி மாட்டியவன் ஒரு தடவைகூட அந்தக் குச்சியைத் தொடவில்லை. அத்தை எதையும் ஒழுங்காகப் பார்ப்பவர், அதில் பார்க்க ஒன்றுமிருக்காது என்று விட்டுவிட்டான்.

"இல்லீங்க அத்தை. மொத நாளே நாம் பாத்திருக்கோணும்."

பிதுங்கிய பேக்கிங்கை மாற்றி மூடியைப் பூட்டினான். இனிமேல் காலையில் வண்டியைக் கிளப்பும் முன்பு மட்டும் பார்த்தால் போதும், அவனைக் கேட்காமல் ஒரு சொட்டும் ஊற்ற வேண்டாம் என்றான்.

அதற்குப் பிறகு கார் சொட்டவில்லை. ஆனால் மறுநாள் காலை ஆறரைக்கே போன் வந்தது.

"ஒரு நூலளவு கொறைவா இருக்குதுங்க மாப்பிள்ளை. ஊத்தட்டுங்களா?"

வேண்டாமென்றான். திங்களும் கேட்டார், செவ்வாயும் கேட்டார். புதன்கிழமை போன் அடித்தபோது மாதேஷ் அதை எடுத்து நிலாவின் கையில் கொடுத்துவிட்டுப் பல் தேய்க்கப் போனான்.