மூன்றாவது மறுப்பு

சோங்நான் மலையில் அந்த வசந்த காலத்தில் ஏகாந்தத்துக்கு ஏகப்பட்ட கிராக்கி. ஒரு துறவி தும்மினால் அடுத்த குடிசைத் துறவி "நூறு ஆயுசு" என்று வாழ்த்துகிற அளவுக்கு நெருக்கம். அதிலும் சாலை தெரிகிற குடிசை என்றால் கேட்கவே வேண்டாம். உலகத்தைத் துறந்தவர்கள் அதற்காகத் தாடியைப் பிடித்துச் சண்டை போட்டார்கள்.

காரணம் இருந்தது. சீனத் தலைநகர் சாங்ஆன் அரண்மனைக்கு இரண்டு வாசல். முன்வாசல், தேர்வு. கன்பூசியஸைக் கரைத்துக் குடித்து, கடமை, மரியாதை, நல்லாட்சி என்று விடிய விடிய எழுதி ஜெயிக்க வேண்டும். பின்வாசல், இந்த மலை. தேர்வில் தோற்றவர்கள் இங்கே வந்து தாவோ வழியில் சும்மா இருந்து, "பதவியா? அது எந்தக் கொடியில் காய்க்கும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் போதும். ஆசையே இல்லாத மகான் ஒருவர் இருக்கிறார் என்று சேதி அரண்மனைக்கு எட்டும். பதவி தானே மலையேறி வரும். வந்ததும் லபக்கென்று வாங்கிவிடக் கூடாது. மூன்று முறை மறுக்க வேண்டும். பிறகு தூதர் கையைப் பிடித்து இழுப்பார். மகான் மிகுந்த வருத்தத்தோடு அவருக்கு முன்னால் நடப்பார். இதுதான் முறை.

கெங் யூ முன்வாசலில் மூன்று தடவை மூக்குடைபட்டுப் பின்வாசலுக்கு வந்தவன். பனிக்காலத்தில் அவனுக்கு முதல் அழைப்பு வந்தது. மேகங்கள் தன்னைப் பிரிந்து தாங்காது என்று மறுத்தனுப்பினான். வந்த தூதர் கண்கலங்கித் திரும்பினார். கலங்காத ஒரே ஆள் அவன் மனைவி சாய்யுன்.

"பீச் பூ உதிர்ற வரைக்கும் பாப்பேன்," என்றாள் அவள். "அதுக்கப்புறம் நான் எங்கப்பா வீட்டுக்குப் போறேன். நீங்களும் வர்றீங்க. அப்பாவோட மாவுக்கல்ல சுத்திட்டிருந்த கழுதை செத்துப்போச்சாம். இடம் காலியா இருக்கு."

"கழுதை இடமா?"

"அதுக்குத் தேர்வு கிடையாதுங்க. அதான் உங்களுக்குச் சொன்னேன்."

பீச் பூ பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டிருந்த ஒரு காலையில், கீழே சாலையில் புழுதி எழுந்தது. கெங் யூ எட்டிப் பார்த்தான். சிவப்புக் குடை. பட்டு அங்கி. அரண்மனைத் தூதரேதான்!

"வந்துட்டாங்க! சாய்யுன், வந்துட்டாங்க!" அவன் குடிசைக்குள் குதித்தான். "என் கிழிஞ்ச அங்கி எங்க? இது இல்ல, இன்னும் கிழிஞ்சது!"

"அதை நேத்துத்தான் தைச்சு வச்சேன்."

"தைச்சிட்டியா? குடும்பத்தைக் கெடுத்தியே!"

முழங்கையில் அவனே மறுபடி கிழித்துக்கொண்டு, தலையைக் கலைத்து, ஓடைக்கரைப் பாறையில் போய் உட்கார்ந்து, எதையும் எதிர்பார்க்காதவன் போல மூச்சுவாங்கினான்.

தூதர் நெருங்கி வந்து குனிந்து வணங்கினார். "மகானே, பேரரசர் மறுபடி அழைக்கிறார். ஒரு மாவட்டத்தை ஆள நீங்க வரணும்."

கெங் யூ இதற்காக இரண்டு மாதம் ஒத்திகை பார்த்திருந்தான். பழங்காலத்தில் ஒரு பெரியவர், ராஜ்யத்தையே தருகிறேன் என்று ராஜா சொன்ன சொல் காதில் விழுந்ததே அசுத்தம் என்று ஆற்றில் இறங்கிக் காதைக் கழுவினாராம். கெங் யூவும் அப்படியே செய்தான். ஓடையில் குனிந்தான். வலது காதைக் கழுவினான். இடது காதையும் கழுவினான். வசந்த காலத்து மலைத் தண்ணீர் மூளை வரைக்கும் ஜில்லிட்டது.

தூதரின் உதடு துடித்தது. "ஆகா! இந்தக் காலத்துல இப்படி ஒருத்தரா!"

இரண்டாவது மறுப்பு முடிந்தது. இன்னும் ஒன்றுதான். கெங் யூவின் நெஞ்சு தவில் போல அடித்தது. தூதர் மூன்றாவது முறை கேட்க வாயைத் திறந்தார்.

"ஏய்! குடிக்காதே! சீ, வா இங்கே!"

ஓடையின் கீழ்ப்பக்கம் ஒரே கூச்சல். பக்கத்துக் குடிசைத் துறவி துவான். தண்ணீரில் வாய் வைக்கப்போன தன் எருமையை மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு பெரியவரே?" என்றார் தூதர்.

"மேல யாரோ பதவிங்கிற சொல் விழுந்த காதைக் கழுவிட்டானாம். அந்தத் தண்ணிய என் எருமை குடிச்சா அதோட மனசு என்னத்துக்கு ஆகும்? மேல கொண்டுபோய்ச் சுத்தமான தண்ணி காட்டப் போறேன்."

கெங் யூவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அந்தப் பழங்கதையில் கீழ்க்கரை ஆள் ஒருவனும் உண்டு. அவன் கன்றுக்குட்டியை இப்படித்தான் இழுத்துப் போனான். காது கழுவியவரைவிட அவன் ஒரு படி உசத்தி என்று ஊருக்கே தெரியும். இரண்டு மாத ஒத்திகையில் கெங் யூ கீழ்க்கரையை மறந்தே போயிருந்தான். துவான் மறக்கவில்லை. எருமை வாங்கியே ஒரு மாதம்தான் ஆகிறது. எதற்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

தூதர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடையைத் தாண்டினார். துவானின் காலில் விழாத குறை. "இவ்வளவு நாளும் உங்களைத் தெரியாம இருந்துட்டோமே!"

"வேண்டாம், வேண்டாம், வேண்டவே வேண்டாம்," என்று மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, துவான் எருமையோடு சாலையை நோக்கி நடந்தார். தூதரால் பின்னால் ஓடித்தான் பிடிக்க முடிந்தது.

காதிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றான் கெங் யூ. சாய்யுன் கையில் கீரைக் கூடையோடு வந்து நின்றாள்.

"காது கழுவியாச்சா? அப்படியே மூஞ்சியையும் கழுவிக்குங்க. மாவுக்கல்லு காத்திருக்கு."

அவ்வளவுதான். அவனுக்குள் எதுவோ அறுந்தது. ஓடினான். பாறைமேல், முள்மேல், ஒரு துறவியின் தியானத்தின் மேல் தாவி ஓடினான். "நில்லுங்க! எனக்கு வேணும்! பதவி எனக்கு வேணும்!"

மலையில் கதவுகள் படபடவென்று திறந்தன. அந்தச் சொல்லை அங்கே யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. ஒரு கிழத் துறவி காதைப் பொத்திக்கொண்டார். கழுவுவதென்றால் ஓடை வரை இறங்க வேண்டுமே.

சாலையில் அவன் தூதரின் முன்னால் போய் விழுந்தான். "மேகமும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் ஐயா! கன்பூசியஸே நாடு நாடா நடந்து வேலை குடுங்கன்னு கேட்டாரு. அவரு எந்த ஆத்துல காது கழுவினாரு? எனக்கு வேலை செய்யணும். மனுஷங்க வழக்கு தீர்க்கணும், வரப்புச் சண்டை பாக்கணும். கொக்கோட பேசிப் பேசி எனக்குக் கிறுக்கே பிடிக்கப் போகுது!"

"அசிங்கம்," என்றார் துவான். "ஆசை எப்படி வழியுது பாருங்க."

தூதர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஆணைச் சுருளை விரித்தார். "பதவி எங்கன்னு ரெண்டு பேருமே கேக்கலையே. மஞ்சள் ஆத்தோரம், பைஹே மாவட்டம். கரை உடைஞ்சு ஊரே தண்ணிக்குள்ள. வழக்கு கேக்குற கச்சேரியில இப்ப மீனுதான் உக்காந்திருக்கு. முன்னால போன மூணு அதிகாரிங்களும் ஓடிட்டாங்க. அதனாலதான், எதுக்குமே ஆசைப்படாத ஆளாப் பாத்துக் கூட்டிட்டு வான்னு உத்தரவு."

துவான் ஒரு கணம் எருமையைப் பார்த்தார். பிறகு, "எனக்கு வேண்டாம்," என்றார்.

அந்த மலையின் சரித்திரத்திலேயே முதல் நிஜமான மறுப்பு அது. தூதருக்கே வித்தியாசம் தெரிந்து உடம்பு சிலிர்த்தது.

எல்லாக் கண்களும் கெங் யூ பக்கம் திரும்பின. சாய்யுன் இதற்குள் வந்து சேர்ந்திருந்தாள். அவள்தான் கேட்டாள்: "அங்க ஜனங்க இருக்காங்களா?"

"கூரைமேல இருக்காங்கம்மா. படகு எது தெரிஞ்சாலும், புது அதிகாரி வந்துட்டாரான்னு கத்திக் கேக்குறாங்களாம்."

கெங் யூ எழுந்து நின்றான். இத்தனை வருஷம் அவன் சாலையைப் பார்த்துக் காத்திருந்தான். இப்போது ஏதோ ஒரு கூரைமேல் உட்கார்ந்து யாரோ அவனுக்காகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நெஞ்சில் மறுபடி தவில். காலையில் அடித்ததைவிடப் பலமாக.

"எப்பக் கிளம்பணும்?" என்றான்.

தூதர் தொண்டையைச் செருமினார். "முறைன்னு ஒண்ணு இருக்கே. மூணாவது மறுப்பு பாக்கி. அது இல்லாம கூட்டிட்டுப் போனா என் பதவி போயிரும். சும்மா ஒரு வார்த்தை, வேண்டாம்னு சொல்லுங்க."

கெங் யூ வாயைத் திறந்தான். மேகங்களையும் மூங்கிலையும் வைத்து மறுப்பதில் சோங்நானிலேயே கெட்டிக்காரன் அவன். ஒரு சத்தமும் வரவில்லை. மறுபடி திறந்தான். "எப்பக் கிளம்பணும்?" என்றுதான் வந்தது.

"விளங்கிடும்," என்றாள் சாய்யுன். துவான் பக்கம் திரும்பினாள். "துவான் அண்ணே, நீங்க இப்பச் சொன்னது நல்ல கெட்டியான மறுப்பு. உங்களுக்கு இனி அது எதுக்கு? இவருக்குக் குடுத்துருங்களேன்."

துவான் தாடியைத் தடவினார். "சும்மாவா?"

"எங்க குடிசை உங்களுக்கு. அங்கேருந்து பாத்தா சாலை முழுசாத் தெரியும்."

துவானின் கண்ணில் வெளிச்சம் வந்தது. "எடுத்துக்கோங்க தங்கச்சி. எருமையையும் கொண்டு போங்க. தண்ணியில நல்லா நடக்கும். எனக்கு இனிமே கொக்கு போதும்."

தூதர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மூன்றாவது மறுப்பைக் கெங் யூவின் பெயரில் சேர்த்துக்கொண்டார். "மிகுந்த அருவருப்போடு மறுத்தார்னு சொல்லிடறேன். சரிதானே?"

"சரி சரி, வாங்க போலாம்!"

எருமை அதற்குள் ஓடைக்கே திரும்பியிருந்தது. காது கழுவிய இடத்திலேயே வாய் வைத்து வயிறு முட்டக் குடித்து முடித்திருந்தது. சாய்யுன் அதன் முதுகில் கீரைக் கூடையை வைத்து ஏறிக்கொண்டாள். கெங் யூ கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய ஓடினான்.

"மகானே, கொஞ்சம் மெதுவா!" குதிரைமேலிருந்து தூதர் கெஞ்சினார். "மத்தவங்க பாக்குறாங்க. நான் உங்களை இழுத்துட்டுப் போற மாதிரி தெரியணும்."

"அப்ப முன்னால போங்க ஐயா," என்றாள் சாய்யுன். "அங்க கூரை எல்லாம் நனையுது."