எந்த ஏழு பில்?

எனக்குக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால் அவர்களைப் பெட்டிக்குள் உட்கார வைத்து மேலே டேப் ஒட்டிவிடுவேன். பதினாறு வருஷமாக அட்டைப்பெட்டி செய்கிறேன். ஒரு ரோல் காகிதத்தில் எத்தனை பெட்டி விழும், ஓரத்தில் எவ்வளவு கழிவு போகும், எத்தனை வாளி பசை கரைக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்ட நான்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை ஓர் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஏழு எது பன்னிரண்டு எது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். இல்லாவிட்டால் எனக்கே மறுபடி குழம்பிவிடும்.

எங்கள் பட்டறை ஒரு நீளமான ஷெட். பெட்டி செய்வது நான். வண்டியில் ஏற்றிப்போய் இறக்குவது என் வீட்டுக்காரர். ஷெட்டுக்கு மேலே ஒற்றை அறையில் என் அக்கா இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு செக்‌ஷனில் முப்பது வருஷம் எழுதிவிட்டு ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை; ஏன் என்று கேட்க வந்தவர்களை நானே விரட்டியிருக்கிறேன். அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. பதினெட்டுப் படியையும் பக்கவாட்டில் திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் இறங்குவாள். ஆபரேஷனுக்கென்று தனியாகப் பணம் போட்டு வைத்திருந்தாள்.

அந்தப் பணத்தைத்தான் நான் வாங்கினேன்.

காரணம் சோப்புக் கம்பெனி. அவர்களுக்கு வாரம் ஒரு லோடு கொடுப்போம். எப்போதும் நாலாயிரம் பெட்டி, அதே அளவு, அதே விலை. பில்லில் நம்பரும் தேதியும்தான் மாறும். ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று கையை விரித்தார்கள். இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்து ஏழு பில் நின்றுபோயிற்று. காகிதக் கடைக்காரரோ முகதாட்சண்யம் பார்க்கிற ஆளே இல்லை. ரொக்கம் வைத்தால்தான் ரோலை உருட்டுவார். வேறு வழியில்லாமல் அக்காவிடம் போய் நின்றேன்.

"இந்த ஏழு பில்லும் வந்த அன்னிக்கே மேல ஏறி வந்து குடுத்துடறேன்கா" என்றேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. செக் புத்தகத்தை எடுத்தாள்.

அடுத்த மாதம் கம்பெனி கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கம்பெனி திவால் வழக்கில் இருக்கிறது, கோர்ட்டு ஒரு நிர்வாகியை நியமித்திருக்கிறது, இனி எல்லாம் அவர் பொறுப்பு என்று. என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்துவிட்டார். நான் கம்பெனி ஸ்டோர்ஸ்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் நிதானமாக, திவால் என்றால் மூடிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை, கம்பெனி ஓடும், பெட்டியை அனுப்புங்கள், பணம் டாண் என்று வரும் என்றார்.

சொன்னபடியே வந்தது. இரண்டு வாரத்துக்குள் போனில் மெசேஜ்: ஒரு லோடுப் பணம், சல்லி குறையாமல். அதற்குப் பிறகு செவ்வாய்தோறும் வந்தது. கூடவே தபாலில் ஒரு துண்டுச்சீட்டும் வரும். அதைக் கம்பியில் குத்தி வைத்துவிடுவேன். பணமே வந்துவிட்டது, சீட்டை எவள் படிப்பாள்?

எங்கள் தொழிலில் பணம் வந்தால் பழைய பில்தான் முதலில் தீரும். காகிதக் கடைக்காரர் எனக்கு அப்படித்தான் எழுதுவார், நான் மற்றவர்களுக்கு அப்படித்தான் எழுதுவேன். வரிசையில் முன்னால் நிற்பவரை விட்டுவிட்டுப் பின்னால் நிற்பவருக்கு யாராவது கொடுப்பார்களா? முதல் பணம் வந்ததும் நோட்டில் முதல் பில்லின் மேல் சிவப்புக் கோடு போட்டேன். அடுத்த வாரம் இரண்டாவது. ஏழாவது செவ்வாய்க்கிழமை ஏழாவது கோடு. பழைய பாக்கி தீர்ந்தது.

அன்றைக்கே மேலே ஏறிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அடுத்த லோடுக்குக் காகிதம் வாங்க வேண்டியிருந்தது. அடுத்த வாரப் பணத்தில் கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த வாரமும் அப்படியே சொல்லிக்கொண்டேன்.

அந்த ஏழாவது கோடு போட்டு இரண்டு மூன்று நாள் இருக்கும். நிர்வாகியின் அலுவலகத்திலிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே மூன்று பக்கப் படிவம். நிர்வாகி பொறுப்பேற்ற தேதிக்கு முந்தைய பாக்கி ஏதாவது உண்டா, எவ்வளவு, பொறுப்பேற்றதிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் தெரிவிக்கவும். நான் முழங்கை வரை பசையில் இருந்தேன். எழுத்து வேலை என்றால் எங்கள் வீட்டில் அக்காதான். கீழே வரச் சொல்லி ஒட்டும் மேஜையின் ஓரத்தைத் துடைத்துக் கொடுத்தேன்.

"முந்தின பாக்கி எல்லாம் வந்துடுச்சா?" என்று கேட்டாள்.

"எல்லாம் வந்துடுச்சுக்கா. இல்லைன்னு எழுது."

பேனா கொஞ்ச நேரம் காகிதத்துக்கு மேலேயே நின்றது. அப்புறம் அச்சடித்த மாதிரி இருக்கும் அவள் எழுத்தில் 'இல்லை' என்று எழுதினாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினேன். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கேட்டார்கள், தள்ளிப் போட்டிருக்கிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அக்கா படியேறினாள். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அன்றைக்கு மூன்று பேர் லீவு, பசை வேறு காய்ந்துகொண்டிருந்தது.

மொத்தம் பன்னிரண்டு லோடு கொடுத்தோம். அதோடு கம்பெனி ஆர்டரை நிறுத்திவிட்டது. பதின்மூன்றாவது செவ்வாய்க்கிழமை பணம் வரவில்லை. என் நோட்டில் கடைசி ஏழு பில் கோடு போடாமல் நின்றன. மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டாவிட்டால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போய்விடுவாள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவுக்குச் சொல்லியிருந்தார்கள். அன்று மதியமே நோட்டை எடுத்துக்கொண்டு நிர்வாகியின் அலுவலகத்துக்குப் போனேன்.

நிர்வாகியைப் பார்க்க முடியாதாம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்த ஓர் உதவியாளரிடம் அனுப்பினார்கள். சுற்றிலும் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஃபைல்கள். ஏழு பில் பாக்கி என்றேன். அவர் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, ஆமாம், ஏழு பில் பாக்கி என்றார். அப்பாடா என்று மூச்சுவிட்டேன். அந்த மூச்சு வெளியே வந்து முடிவதற்குள் அவர் நம்பரைப் படித்தார். படித்ததெல்லாம் பழைய ஏழு.

அதெல்லாம் தீர்ந்துபோன பில் என்றேன். தீரவில்லை என்றார். புது பில்லுக்குக் கொடுங்கள் என்றேன். பன்னிரண்டு புது பில்லுக்கும் கொடுத்தாயிற்று என்றார். பன்னிரண்டு பணம் வந்தது, அதில் ஏழு பழையதற்கு, ஐந்து புதியதற்கு என்று நோட்டை விரித்தேன். அவர் கண்ணாடியை இறக்கி என் சிவப்புக் கோடுகளைப் பார்த்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஏழு பாக்கி என்பதில் எங்களுக்குள் சண்டையே இல்லை. எந்த ஏழு என்பதில்தான்.

"எந்த ஏழா இருந்தா என்ன சார்? எல்லாம் ஒரே பெட்டி, ஒரே விலை. ஏழு லோடுக்குப் பணத்தைக் குடுங்க, நான் போறேன்" என்றேன்.

"அப்படி இல்லம்மா. நிர்வாகி வந்ததுக்கப்புறம் வாங்கின சரக்குக்கு உடனே பணம் குடுக்கணும், குடுத்துட்டோம். அதுக்கு முந்தினது தனி. அதுக்கு நீங்க மனு போட்டிருக்கணும். சீட்டுல பில் நம்பர் போட்டுத்தானே அனுப்பினோம்?"

கம்பியில் குத்திய பன்னிரண்டு சீட்டும் கண்முன் வந்து நின்றன.

சரி, இப்போது மனு போடுகிறேன் என்றேன். அவர் ஒரு ஃபைலைத் தேடி எடுத்து, ஒரு காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். அக்காவின் கையெழுத்து. 'இல்லை'. கீழே என் கையெழுத்து, என் முத்திரை, ஓரத்தில் ஒரு பசைக் கறைகூட.

"நீங்களே பாக்கி இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. இன்னிக்குத் தொண்ணூத்தேழாவது நாள். ஏழு நாள் தாண்டிடுச்சு."

அந்த மனுஷர் மோசமானவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்திருந்தால் பாதி பாரம் இறங்கியிருக்கும். அவர் ஒரு தாளைக் கொடுத்து, தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொண்டுவாருங்கள், கோர்ட்டு ஏற்குமா என்று தெரியாது, ஏற்றாலும் முழுசாகக் கிடைக்காது, எப்போது என்றும் சொல்ல முடியாது என்றார். காரணம் எழுத இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள்.

பஸ்ஸில் வரும்போது விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். என் வழியில் எண்ணினால் நான் சொன்னது சரி. அவர் வழியில் எண்ணினால் அவர் சொன்னது சரி. இரண்டும் சரியாக இருக்கும்போது ஏழு லோடுக்கான ஆறு லட்சத்துச் சொச்சம் எந்தச் சந்தில் போய் விழுந்தது? இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கித் திரும்பி நடந்தேன்.

நேராக மேலே ஏறினேன். அக்கா ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரே மூச்சில் சொன்னேன். நடுவில் குழம்பி மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவளுக்கு என்னைவிட முன்னால் புரிந்துவிட்டது. "வார்டுல படுத்திருக்கிறவரை டிஸ்சார்ஜ் ஆயிட்டார்னு எழுதிட்டே. அவ்வளவுதான்" என்றாள்.

அப்புறம் சட்டென்று நிமிர்ந்தாள். "அப்போ அந்த ஏழு பில் பணம் உனக்கு வரவே இல்லையா?"

"வரலக்கா."

அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பணம் போன துக்கம் என்று நினைத்தேன். அவளோ என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எவ்வளவு பெரிய பாவி. அன்னிக்கு இல்லைன்னு எழுதறப்பவே, பணம் வந்துடுச்சு, நீ குடுக்கலன்னு நெனச்சேன். வாய்விட்டுக் கேட்க மனசு வரல. ஆறு வாரமா உள்ளுக்குள்ள உன்னைத் திட்டிக்கிட்டே நீ அனுப்பின சாப்பாட்டைச் சாப்பிட்டேன். மன்னிச்சுடும்மா."

நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். பணம் வரவில்லை, ஆகவே நான் ஏமாற்றவில்லை. கம்பெனிக் கணக்கே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டுதானே செவ்வாய்தோறும் கோடு போட்டேன்? வராத பணத்தை ஒருத்தி ஏமாற்ற முடியுமா? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவள் கை என் கைமேல் வெதுவெதுப்பாக இருந்தது, என்னால் தாங்க முடியவில்லை.

"நானும் வந்துடுச்சுன்னுதான்கா நெனச்சேன்" என்றேன். "ஏழும் வந்துடுச்சுன்னு நெனச்சுக்கிட்டுதான் உனக்குக் குடுக்காம காகிதம் வாங்கினேன்."

கை மெல்ல விலகியது. கீழே வெட்டும் மெஷின் ஓடி நின்றது. அக்கா முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

"வந்துடுச்சுன்னு நெனச்சப்ப நீ மாடி ஏறி வரல" என்றாள். "வரலன்னு தெரிஞ்சதும் ஏறி வந்திருக்கே."

ஊரையே வாயால் அடிப்பவள் என்று என்னை என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அந்த வாய் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அவள் கையை நீட்டினாள். தாளைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் முழுசாகப் படித்தாள். பேனாவைத் திறந்தாள்.

"எத்தனை நாள் தாண்டிடுச்சுன்னு சொன்னார்?"

"ஏழு நாள்."

'ஏழு' என்று எழுதினாள். எழுதிவிட்டுத் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"எனக்கு எத்தனை நாள் தாண்டிடுச்சு?"

நான் எண்ணினேன். அந்தக் கண்ணாடிக்காரர் கணக்குப்படி ஏழு பில்லும் இன்னும் வரவில்லை. ஆகவே நான் அக்காவுக்குக் கொடுக்க வேண்டிய நாளே இன்னும் வரவில்லை. என் நோட்டுப்படி ஏழாவது கோடு போட்டு ஆறு செவ்வாய்க்கிழமை போய்விட்டது. இரண்டும் சரி. அவள் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"நாற்பத்திரண்டு நாள்கா" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு, காரணம் என்று போட்டிருந்த அந்த இரண்டு வரியில் எழுத ஆரம்பித்தாள்.