அந்தரத்தில் ஒரு தொட்டி

மாப்பிள்ளை இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டான். மேலே கிரேன் கூண்டில் நான் லிவரை விட்டேன். ஈரக் காங்கிரீட்டை நிரப்பிக் கொக்கியில் தொங்கிய தொட்டி, தரைக்கும் மேல் தளத்துக்கும் நடுவில், லேசாக ஆடிவிட்டு நின்றது.

எங்கள் வேலையில் கையைக் கோத்தால் எல்லாவற்றையும் அப்படியே நிறுத்து என்று அர்த்தம். ஏற்றாதே, இறக்காதே, திருப்பாதே. கோத்த கை பிரிந்து அடுத்த சைகை வரும்வரை கிரேன் ஓட்டுகிறவன் வெறும் சிலை. மற்ற சைகைகளும் சுலபம்தான். விரலை மேலே காட்டிச் சுழற்றினால் ஏற்று. கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. அந்தக் கைக்கு மேலே இன்னொரு கையை அசையாமல் பிடித்தால் மெதுவாக. சைகை கொடுக்க ஒரே ஒரு ஆள்தான் உண்டு. வேறு யார் குதித்தாலும் கும்பிட்டாலும் நான் கண்டுகொள்ளக் கூடாது. வாக்கி டாக்கி என்று ஒன்று இருக்கிறது. ஆனால் பக்கத்துக் கட்டட வேலைக்காரர்களும் அதில்தான் பேசுகிறார்கள். ஒருநாள் "இன்னும் கொஞ்சம் இறக்கு" என்று அங்கே எவனோ சொன்னதைக் கேட்டு இங்கே நான் இறக்கி, ஒரு புதுச் சுவரைப் பழைய சுவராக்கிவிட்டேன். அன்றிலிருந்து கை மட்டும்தான்.

கீழே நிற்கும் அந்த ஒரே ஆள் என் தங்கையின் கணவன். அநாவசியமாக ஒரு சுமையை அந்தரத்தில் தொங்கவிடுகிறவன் இல்லை. காற்று பலமாக இருக்க வேண்டும், அல்லது தொட்டிக்கு அடியில் எவனாவது நடக்க வேண்டும். இரண்டும் இல்லை. எதற்கு நிறுத்தினான் என்று கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்தேன். வாசல் கேட்டுக்கு உள்ளே ஒரு நீலக் குடை வந்துகொண்டிருந்தது. என் மனைவியின் குடை. அதை இரவல் வாங்கும் தைரியம் உலகத்தில் என் தங்கை ஒருத்திக்குத்தான் உண்டு. பாப்பா.

பாப்பா என்றால் முப்பது தாண்டியவள். வீட்டில் வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. புகார் கேட்கும் தொலைபேசி அலுவலகத்தில் வேலை. காலை முதல் மாலை வரை காதில் ஒரு பட்டையை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்கள் திட்டுவதைக் கேட்டு, "உங்க சிரமம் எங்களுக்குப் புரியுது" என்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தால் தன் சிரமம் யாருக்காவது புரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது தப்பில்லை. இந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்தவன் நான்தான். அவள் பேசுவாள், அவன் கேட்பான், ஜோடிப் பொருத்தம் பிரமாதம் என்று கணக்குப் போட்டேன். என் கணக்கு பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான்.

மாப்பிள்ளைக்கு வீட்டிலும் கைதான். தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரல். விளக்கை அணைக்க ஒரு விரல். அதையெல்லாம் பாப்பா சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டாள். போன மாதம் ஒருநாள், போனில் எவனோ வாய்கூசாமல் பேசியதைக் கேட்டுவிட்டு வந்து, தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல், நின்றபடியே அழுதுகொண்டு சொல்லியிருக்கிறாள். வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருக்கின்றன. இவன் எழுந்து நின்று, வலது கைக்கு மேல் இடது கையை விரித்துப் பிடித்திருக்கிறான். மெதுவாக.

"நான் என்ன கிரேனா?" என்று கேட்டுவிட்டு, தோளில் மாட்டிய அதே பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு தூது போகும் உத்தியோகம் எனக்கு வந்தது. யாரும் நியமிக்கவில்லை. நானே உட்கார்ந்துகொண்டேன். "ராத்திரி சன்னலைச் சாத்திட்டுப் படுக்கச் சொல்லுண்ணா, அவருக்குச் சளி பிடிச்சிக்கும்" என்பாள். அதை அப்படியே சொல்வதற்கு என் வாய் கூசும். தங்கை சொன்ன கனிவை அவள் புருஷனிடம் அண்ணன்காரன் எப்படி ஒப்பிப்பது? "மாப்ள, சன்னலைச் சாத்தணுமாம். திருடன் வந்தா நீ கத்தக்கூட மாட்டேன்னு அவளுக்குத் தெரியுமே" என்பேன். அவன் தலையாட்டுவான். ஒருநாள் அவன் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, எங்கள் வீட்டுப் பக்கம் விரலை நீட்டினான். பிரித்தால் பாப்பாவின் செருப்பு. அறுந்து கிடந்த வாரை அவனே உட்கார்ந்து தைத்திருந்தான். கடைத் தையலைவிடச் சீராக இருந்தது. நான் அதைக் கொண்டுபோய், "செருப்புக் குடுத்து அனுப்பியிருக்கான். எதுக்குன்னு தெரியல, பாத்து வாங்கிக்க" என்றேன். பாப்பா வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நீங்க சேதி சொல்றதில்ல. கச்சேரி வைக்கிறீங்க" என்றாள் என் மனைவி.

நேற்று பாப்பா என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தாள். அவர்கள் அலுவலகம் தூரத்து ஊர் ஒன்றில் கிளை திறக்கிறது. இவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகிறாளா இல்லையா என்று இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். "அவர்கிட்ட கேளு. இருன்னா இருக்கேன். போன்னா போறேன். எதுவா இருந்தாலும் வாயால சொல்லச் சொல்லு. நீ எதுவும் சேக்காதண்ணா. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

காலையில் கிரேன் ஏணிக்கு அடியில் வைத்துச் சொன்னேன். ரொம்ப ஒழுங்காகவே ஆரம்பித்தேன். "மாப்ள, பாப்பாவுக்கு வெளியூர்ல வேலை வந்திருக்கு. சாயங்காலம் பதில் சொல்லணும். போகட்டுமா, இருக்கட்டுமான்னு உன்னைக் கேக்கச் சொன்னா. வாயால சொல்லணுமாம்."

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். வாயைத் திறந்தான். ஹெல்மெட்டின் வாரை விரலில் சுற்றினான். வார்த்தை வரவில்லை. கனமான சுமை கிளம்பும்போது கம்பி முதலில் விறைக்கும், சுமை தரையை விட்டு எழும்பாது. அந்த இடத்தில் அவசரப்பட்டால் எல்லாம் போச்சு என்று எனக்குத் தெரியும். லிவரைப் பிடித்த கைக்குத் தெரியும். வாய்க்குத் தெரியாது. அந்த மௌனம் என் காலடியில் கரப்பான்பூச்சி மாதிரி ஓடியது.

"சரி விடு, இனிமே டிவி ரிமோட்டு முழுசா உனக்குத்தான்" என்றேன்.

அவன் வாயை மூடிக்கொண்டான். தலையாட்டினான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

பாப்பாவுக்குப் போன் போட்டேன். "தலையாட்டினான்."

"எப்படி ஆட்டினாரு?"

"மேலயும் கீழயும்."

 "சரிண்ணா. இனிமே நீ எதுவும் சொல்ல வேணாம்" என்று வைத்துவிட்டாள். மேலே போன் கொண்டுபோகக் கூடாது. கீழே பெட்டியில் போட்டுவிட்டு ஏணியில் ஏறினேன். ஏறும்போது ஒவ்வொரு படியிலும் அந்த ரிமோட்டு எனக்கு முன்னால் ஏறியது.

இப்போது நீலக் குடை மாப்பிள்ளைக்கு எதிரில் வந்து நின்றுவிட்டது. மேலிருந்து பார்த்தால் மனிதர்களே கிடையாது, மூடிகள்தான். ஒரு வெள்ளை ஹெல்மெட், ஒரு நீல வட்டம். குடை இப்படியும் அப்படியும் அசைந்தது. பாப்பா பேசுகிறாள். குடை நின்றது. கேள்வி கேட்டுவிட்டாள். நான் வாக்கி டாக்கியைத் திருகிக் காதில் வைத்தேன். அவன் இடுப்பில் ஒன்று இருக்கிறது, தவறிப்போய் அமுங்கியிருந்தால் ஒரு வார்த்தை கேட்காதா என்ற நப்பாசை. "டீ சொல்லியாச்சாப்பா?" என்றது பக்கத்துக் கட்டடம். "எனக்குச் சக்கரை கம்மி" என்றது இன்னொரு குரல்.

மேல் தளத்திலிருந்து மேஸ்திரி இரண்டு கைகளையும் ஆட்டினார். அவருடைய ஆட்கள் மண்வெட்டியோடு காத்திருந்தார்கள். காங்கிரீட் யாருடைய குடும்பத்துக்காகவும் காத்திருக்காது, இறுகிவிடும். அவர் வாய் திறந்து மூடுவது எனக்குத் தெரிந்தது. என்ன வார்த்தை என்று கேட்காததும் ஒருவிதத்தில் நல்லதுதான். நான் மாப்பிள்ளையைக் கைகாட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

மாப்பிள்ளையின் கை கோத்தபடியே இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொட்டி என்னிடம் தொங்கும்வரை அவன் அந்தக் கையைப் பிரிக்க மாட்டான். விரல் நீட்ட முடியாது, உள்ளங்கை விரிக்க முடியாது. பாப்பா கேட்டதற்குப் பதில் சொல்ல அவனிடம் மிச்சம் இருப்பது வாய் ஒன்றுதான்.

ஹெல்மெட் கொஞ்சம் நிமிர்ந்தது. திரும்பக் குனிந்தது. கம்பி விறைக்கிறது என்று நினைத்தேன்.

சைட் ஆபீஸிலிருந்து எஞ்சினியர் வெளியே வந்தார். தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விரலைக் கீழே காட்டி வேகமாகச் சுழற்றினார். நான் இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் வைத்துக் காட்டினேன். அவர் சொல்லி நான் இறக்கக் கூடாது என்ற விதியைப் போட்டவரே அவர்தான். அது நினைவுக்கு வந்ததோ என்னவோ, மாப்பிள்ளையை நோக்கி நடக்கத் தொடங்கினார். வழியில் கம்பிக் குவியல். சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

என் கை ஹாரன் பொத்தான்மேல் இருந்தது. எப்போது போனது என்று தெரியாது. ஒரு தட்டு தட்டினால் போதும். மாப்பிள்ளை திடுக்கிட்டுக் கையைப் பிரிப்பான், வேலை நடக்கும், எஞ்சினியர் வந்து கத்த வேண்டியிருக்காது. மாப்பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றிய பெயர் எனக்கு. பாப்பா குடையோடு திரும்பிப் போவாள். சாயங்காலம் பதில் எழுதிக் கொடுப்பாள். காரணம் எல்லாமே நியாயமான காரணம். என் ஜோக்குகளுக்கும் எப்போதும் நியாயமான காரணம் இருந்திருக்கிறது.

கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். இன்னொரு கையும் நகர்ந்ததால் அதற்கும் அதே இடம். என்னைப் பார்த்தால் வகுப்பில் பேசி மாட்டிக்கொண்டவன் மாதிரி இருந்திருக்கும். காற்று தொட்டியை ஒரு பக்கம் மெல்லத் திருப்பியது, யோசித்து மறுபக்கம் திருப்பியது. அடியிலிருந்து சாந்து ஒரு சொட்டு கழன்று வெகுதூரம் விழுந்தது.

நீலக் குடை திரும்பியது. கேட்டை நோக்கி நடந்தது.  சொல்லுடா, என்றேன் கண்ணாடியிடம். சொல்லித் தொலைடா மாப்ள. ஹெல்மெட் நின்ற இடத்திலேயே நின்றது. கை கோத்தபடியே இருந்தது. ஆனால் உடம்பு முழுக்க முன்னால் சாய்ந்து, குதிகால் தரையிலிருந்து எழும்பியது. தூரத்தில் போகிறவர்களைக் கூப்பிடுகிறவர்கள் அப்படி எழும்புவார்கள். அவன் அப்படி எழும்பி நான் பார்த்ததே இல்லை. எஞ்சினியர் கம்பிக் குவியலுக்குப் பக்கத்தில் சட்டென்று நின்றுவிட்டார். மண் சலித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. எனக்கு மட்டும் கேட்கவில்லை. வாக்கி டாக்கியில் டீ வந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

குடை நின்றது. நின்ற இடத்தில் ஒரு சுற்று சுற்றியது. பிறகு வந்த வழியே, வந்ததைவிட நிதானமாக, திரும்பி நடந்து வந்து வெள்ளை ஹெல்மெட்டை மூடிக்கொண்டது. இப்போது கீழே இருப்பது ஒரு நீல வட்டம் மட்டும். அவன் என்ன சொன்னான், அவள் என்ன பதில் சொன்னாள், சண்டையா சமாதானமா, அந்த வட்டத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எஞ்சினியர் ஒரு கம்பியைக் குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்தார், அதில் என்ன இருந்ததோ. நான் கைகளைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்து லிவருக்குப் பக்கத்தில் தயாராக வைத்தேன். இரண்டும் மரத்துப்போயிருந்தன.

வட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை வெளியே வந்தது. மாப்பிள்ளையின் வலது கை. விரல் கீழே காட்டிச் சுழன்றது. இறக்கு.

மேலே ஏறாமல் தரைக்கே திரும்பி இறங்கும் நிறைந்த தொட்டி; மேஸ்திரி காத்திருக்கட்டும் என்று முடிவெடுத்துவிட்டான். அந்த வலது கைக்கு மேல் இடது கையும் வர வேண்டும், மெதுவாக என்று சொல்ல. அவன் ஒருநாளும் அதை விட்டதில்லை. காத்திருந்தேன். வலது கை மட்டும் சுழன்றுகொண்டே இருந்தது. இடது கை குடைக்கு அடியிலேயே எங்கேயோ இருந்தது.

நான் லிவரைத் தொட்டேன். யாரும் சொல்லாமலே, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக, இறக்கத் தொடங்கினேன்.