ஈயம் பூசிய தகடு

1

இந்தக் கதை நானாகத் தேடிப் பிடித்ததல்ல. துக்கம் கேட்க வந்த கம்பெனி குமாஸ்தா சொன்னது: “அன்னிக்கு அந்தத் தகடு வேலை செஞ்சிருந்தா உங்க ஊட்டுக்காரர் இருந்திருப்பாருங்க.” அவர் தெருமுனை திரும்புவதற்குள் பென்சிலைச் சீவிவிட்டேன்.

முதல் வரி: ‘1938ஆம் ஆண்டு, ஓமலூர்ச் சாலையோரம், அழகிய வெண்ணிறக் குன்றுகளின் அடிவாரத்தில்…’ வேண்டாம். அழகைப் பார்க்க அங்கே யாரும் போகவில்லை.

இரண்டாவது: அத்தாயியின் கணவர் கருப்பண்ணன் வெள்ளைக்கல் சூளையில் வேலை செய்தார். இது இருக்கட்டும். (அத்தாயி நான்தான். ‘நான்’ என்று எழுதினால் கதை நின்று வசவு தொடங்கிவிடுகிறது.)

2

வெள்ளைக்கல்லைச் சுட்டால் கரியமிலவாயு வெளியேறும். காற்றைவிடக் கனமானது. காற்றோட்டமில்லாத நாளில் சூளையின் அடிக்குழியில் இறங்கித் தேங்கும். வெந்த கல்லை அள்ள இறங்குகிறவருக்கு மூச்சு முட்டும். மாதையன் என்பவர் அப்படித்தான் செத்தார். வாயுவை உறிஞ்சி வெளியேற்ற ஒரு குழாய் போடும்படி ஆட்கள் கேட்டார்கள்.

“அந்த வாயு எதற்காவது உதவும் என்று காட்டுங்கள், போடுகிறேன்” என்றார் கம்பெனித் துரை.

(இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.)

3

அத்தாயியின் தம்பி அர்த்தநாரி பள்ளிக்கூடத்தில் ரசாயனம் நடத்துகிறவன். காட்டுகிறேன் என்று கிளம்பினான். ஜாடியில் சோடா உப்புக் கரைசல், அதற்குள் சூளை வாயு குமிழியிடும். பஸ் பேட்டரியிலிருந்து மின்சாரம். வாயு எதுவாக மாறும் என்பது கரைசலில் நிற்கும் தகட்டைப் பொறுத்தது. இரும்பு வீண். வெறும் செம்பும் வீண். செம்பில் ஈயம்* பூசி, அது மங்கிய பிறகுதான் கிடைத்தது, எறும்பு அமிலம்.

“எறும்பு கடிச்சா எரியுதே, அதுங்களா மாப்ள?” என்றார் கருப்பண்ணன். “அதையும் வாங்கறவன் இருக்கறானா?”

“ரப்பர் தோட்டத்துக்காரங்க வாங்குவாங்க மாமா. பாலை உறைய வெக்க.”

“அட சாமி! எங்களைக் கொல்றது அவனுக்கு உறைமோரா?”

அத்தாயியும் சிரித்தாள். அதை எழுதாமல் விட முடியவில்லை.

(* நாம் பாத்திரத்துக்குப் பூசுவதுதான். பெரிய ரகசியமில்லை.)

4

துரை பார்க்க வருகிற காலை. அர்த்தநாரி தகட்டை எடுத்தான். செக்கச்செவேலென்று மின்னியது.

“என்னங்க இது?”

“தொரை பாக்கறப்ப அழுக்கா இருந்தா நல்லாவா இருக்கும்?” என்றார் மேஸ்திரி சின்னண்ணன். “புளியும் செங்கப்பொடியும் போட்டுத் தேச்சேனுங்க. பாருங்க, மூஞ்சி தெரியுது.”

ஈயம் முழுக்கப் போயிருந்தது. அதற்குள் கார் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அதே தகட்டை வைத்தான். எறும்பு அமிலம் உண்டாகியிருந்தால், கடைசியில் சோதனை மருந்தை விட்டதும் கரைசல் கறுக்க வேண்டும். கறுக்கவில்லை.

“மறுபடி ஈயம் பூசணுமுங்க. ரெண்டு நாள் கொடுங்க.”

“அடுத்த வருஷம் பார்ப்போம்” என்று துரை காரில் ஏறினார்.

சின்னண்ணன் மேல் கோபப்பட்டு ஒரு பக்கம் எழுதினேன். நிற்கவில்லை. குழாயை ஒரு தகட்டில் தொங்கவிட்டது அவரா?

5

ஐப்பசியில், காற்றே இல்லாத ஒரு நாள், மயங்கி விழுந்த ஒருவரைக் காப்பாற்றக் கருப்பண்ணன் குழியில் இறங்கி… பொய். கல் அள்ள இறங்கினார். கூலிக்கு. அவ்வளவுதான்.

6

ஒரு முடிவு: யாரும் தகட்டைத் தேய்க்கவில்லை. கரைசல் கறுக்கிறது. குழாய் வருகிறது. கருப்பண்ணன் வீடு திரும்பிச் சோறு கேட்கிறார். இதை இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் துரை நல்லவராகிவிடுகிறார். கிழித்துப் போட்டேன்.

இன்னொன்று முடிவல்ல, இப்போது நடப்பது. அர்த்தநாரி புதிதாக ஈயம் பூசிய தகட்டோடு வாசலில் நிற்கிறான். நேற்று கரைசல் கறுத்ததாம்.

“அக்கா, கொண்டு போய்க் காட்டட்டுமா? நீ வேண்டாம்னா போகலை.”

போ என்றுதான் சொல்ல வேண்டும். குழியில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். ஆனால் போ என்றால், விலை போனால்தான் மூச்சுக்குக் குழாய் என்றவன் சொன்னது சரி என்று என் வாயால் ஒப்புக்கொண்டதாகும். அந்தச் சொல் எனக்கு வரவில்லை.

நீங்கள் சொல்லுங்கள். யோசித்துக்கொண்டு உட்காராதீர்கள். சூளையில் சங்கு ஊதிவிட்டது, ஆட்கள் இறங்குகிறார்கள்.