அடக்கி வைத்தவர்களின் கூட்டம்

ஹாரன் சார் என்று அவருக்குப் பெயர் வைத்தது அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள்தான். சின்ன வயதிலிருந்தே அவருக்கு டூரெட் என்ற நரம்புக் கோளாறு. கழுத்து தானாக வெட்டும். தொண்டையிலிருந்து 'ஹூப்' என்று ஒரு சத்தம் கிளம்பும். புதிதாக வருகிறவர்கள் அதைக் கேட்டதும் பிரேக்கில் ஏறி நின்றுவிடுவார்கள். "அது உங்களுக்கில்லம்மா, நீங்க போங்க" என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் ஓய்ந்துவிட்டது. ஆனாலும் அவருடைய மாணவர்கள் பிரேக் பிடிப்பதில் புலி என்று வெளியே நல்ல பேச்சு.

மகளுக்கும் அதே கோளாறு. "ஒரு சொத்தும் சேர்க்கல, இத மட்டும் பத்திரமா குடுத்துட்டாரு" என்று மனைவி கேலி செய்வாள். கேலிக்கு அடியில் வருத்தம் இருக்கும். பள்ளியில் அந்தப் பெண் நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கி வைத்திருப்பாள். வீட்டு வாசலைத் தாண்டியதும் உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். டீச்சரோ, "இங்க தங்கமா இருக்காளே!" என்பார்.

பல நாடுகள் சேர்ந்து இந்தக் கோளாறுக்கு ஒரு புதிய சிகிச்சையைச் சோதிக்கப் போகின்றன. எதை அளப்பது என்று முடிவுசெய்ய ஆராய்ச்சியாளர்களும் நோயாளிகளும் சேர்ந்து உட்காரும் இணையக் கூட்டத்துக்கு ஹாரன் சாருக்கும் அழைப்பு வந்தது. "என்னப் பத்தி மறக்காம சொல்லணும்ப்பா" என்று மகள் சத்தியமே வாங்கிவிட்டாள்.

கூட்டத்தில் ஒரு வில்லங்கம் இருந்தது. யார் சத்தம் போட்டாலும் அவர் முகம் திரை முழுக்க வந்து நின்றது. இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்த ஹாரன் சாருக்கு மானப் பிரச்சினை. மூச்சைப் பிடித்து அடக்கினார். கூட்டத்தை நடத்திய தலைவி அம்மா, மருத்துவமனையில் நோயாளியைப் பத்து நிமிடம் வீடியோ எடுத்து அசைவுகளை எண்ணலாம் என்றார். மொழிபெயர்க்கும் பெண் அதைக் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அடக்குகிற வேலையில் அவருக்குப் பாதிதான் ஏறியது.

"நோயாளிகள் தரப்பில் ஏதாவது?"

வாயைத் திறந்தால் வருவது ஹூப்பாகத்தான் இருக்கும். இல்லை என்று தலையாட்டினார். மற்ற நோயாளிகளும் ஆட்டினார்கள். "நன்றி, அப்படியே முடிவு செய்துவிடலாம்" என்றார் தலைவி அம்மா.

மேசைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்திருந்த மகளின் முகம் சுருங்கிப்போயிற்று.

"நீங்களும் அடக்கிட்டீங்களாப்பா?"

அவருக்குச் சுருக்கென்றது. பிடித்து வைத்ததை அப்படியே விட்டார்.

ஹூப்!

திரை முழுக்க அவர் முகம். மொழிபெயர்க்கும் பெண் பாவம், கடமை தவறாமல் அந்தப் பக்கத்துக்கும் ஒரு 'ஹூப்' போட்டாள். கொட்டாவி மாதிரி இதுவும் தொற்றும். எந்த நாட்டிலோ ஒரு பேக்கரிக்காரம்மா நாக்கைச் சொடுக்கினார், இன்னொருவர் குரைத்தார், ஒரு தாடிக்காரர் மேசையைக் குத்தினார். திரை யாரைக் காட்டுவதென்று தெரியாமல் முகம் முகமாகத் தாவியது. தலைவி அம்மா இணையக் கோளாறு என்று நினைத்து எதையோ அமுக்கினார்.

"கோளாறு எங்களுக்குத்தாங்க, இணையத்துக்கு இல்ல" என்றார் ஹாரன் சார். "இவ்ளோ நேரம் எங்கள எண்ணியிருந்தா பூஜ்யம்தான் போட்டிருப்பீங்க. வெள்ளைக் கோட்டப் பாத்தாலே நாங்க அடக்கிடுவோம். எம் பொண்ணு பள்ளிக்கூடத்துலயும் பூஜ்யம். அப்புறம் வீட்டுல அவ படுற பாட்ட யார் எண்ணுறது?"

தலைவி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்படியானால் இத்தனை வருடங்களாக நாங்கள் எண்ணியது எதை?" என்று கேட்டார்.

"நாங்க எவ்ளோ நல்லா அடக்குறோம்ங்கிறதத்தான்."

பேக்கரிக்காரம்மா கைதட்டினார். திரையில் இருந்த திட்டக் குறிப்பில் 'மருத்துவமனை' என்ற சொல்லை எல்லோர் கண்ணெதிரிலும் அழித்துவிட்டு, 'வீடு, மாலை' என்று எழுதினார் தலைவி அம்மா. பிறகு, "அந்தப் பெண் பக்கத்தில் இருக்கிறாளா? அவளையும் ஒரு வார்த்தை கேட்கலாமா?" என்றார்.

மகள் தயங்கித் தயங்கி வந்து அப்பா மடியில் உட்கார்ந்தாள். வணக்கம் சொல்வதற்குள் தோள் தூக்கிப் போட்டது, தலை வெட்டியது, கண்கள் சிமிட்டின. முன்பின் தெரியாத அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தும் அவள் அடக்கவில்லை.